மதுவந்திக்குத் தெரியாத குரல்

கார்டன் ரீச்,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள கிரிதருக்கு,

வணக்கம். நீங்களும் அத்தையும் நலமா? அத்தை சர்க்கரை மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறாரா? மதுவந்திக்குச் சளி விட்டதா?

தைராய்டை எடுத்த தழும்பு ஆறிவிட்டது. அதை மறைக்கத் துப்பட்டா வாங்க நேற்று கரியாஹாட் கடைத்தெருவுக்குப் போனேன். வெறும் காற்றாக வரும் குரலில் விலை கேட்டேன். கடைக்காரர் ஏதோ ரகசியம் என்று நினைத்து, அவரும் குனிந்து, "தீதி, யார்கிட்டயும் சொல்லாதீங்க, உங்களுக்கு மட்டும் குறைச்சுத் தரேன்" என்று வங்க மொழியில் கிசுகிசுத்தார். சிரித்துவிட்டேன்.

உங்களிடம் மறைத்ததையும் எழுதிவிடுகிறேன். புற்று ஒரு பக்கத்துக் குரல் நரம்பைச் சுற்றியிருந்ததால் அதையும் வெட்டிவிட்டார்கள். பழைய குரல் இனி வராதாம். மிச்சமிருக்கும் செல்களை அழிக்க அடுத்த மாதம் கதிரியக்க அயோடின் மாத்திரை தருவார்கள். சில நாள் தனி அறை. வெளியே வந்த பிறகும் கொஞ்ச நாள் குழந்தையை நெருங்கக் கூடாது. பூஜை லீவுக்கு அவளை அழைத்து வராதீர்கள்.

"இந்த நோயில் பிழைப்பவர்கள்தான் அதிகம்" என்று டாக்டர் தேற்றினார். பிழைத்து என்ன செய்ய என்று கேட்க நினைத்தேன். அன்றைக்கு மதுவந்தி, "அப்பா, இது அம்மா இல்ல, யாரோ" என்று ஃபோனை உங்களிடம் நீட்டினாளே, அதற்குப் பிறகு கூப்பிட எனக்குத் தைரியமில்லை.

மாத்திரைக்கு முன்னால் இரண்டு வாரம் அயோடின் சேர்க்காத உப்புதான் சாப்பிட வேண்டும். அங்கே கிடைத்தால் ஒரு பாக்கெட் அனுப்புங்கள். இங்கே தேடி அலையத் தெம்பில்லை.

உங்கள் பழைய ஃபோனில் நான் அவளைத் திட்டிக்கொண்டே சோறூட்டும் வீடியோ இருக்கும். தினமும் அவளுக்குப் போட்டுக் காட்டுங்கள். எனக்கு அனுப்ப வேண்டாம்.

ஆபீஸ் வண்டி வந்துவிட்டது.

ரோஹிணி