மங்கலாக எரிந்த மூன்று விளக்குகள்

அன்புள்ள மகளுக்கு,

வண்டி நலம். நானும் நலம். உன் அப்பாவைப் பற்றிப் பின்னால் வருகிறேன். உன் உடம்பும் வேலையும் எப்படி இருக்கின்றன என்பதை வழக்கம்போல் "சூப்பர்மா" என்று முடித்துவிடாமல் இரண்டு வரியாவது எழுது. இதையெல்லாம் ஃபோனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். நீ கூப்பிட்டவுடன் உன் அப்பா ஸ்பீக்கரைப் போட்டு மேசை நடுவில் வைத்துவிடுகிறார்; அப்புறம் நான் எதைச் சொல்வது.

ஒன்றரை மாதத்துக்கு முன், மழை மூட்டமான ஒரு சாயங்காலம் கடையிலிருந்து திரும்பும்போது, நம் பழைய ஜீப்பின் முகப்பில் மூன்று சிவப்பு விளக்குகள் மங்கலாக எரிவதைப் பார்த்தேன். பேட்டரி விளக்கு, பிரேக் விளக்கு, டீசலில் தண்ணீர் கலந்தால் எரிகிற விளக்கு. அணையப் போகும் கரியைப் போல அவ்வளவு மங்கல். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் மறையும், சிக்னலில் நின்றால் திரும்ப வரும். சொன்னேன். உன் அப்பா குனிந்து பார்த்துவிட்டு, "எங்க எரியுது? உனக்கு எல்லாமே எரியும்" என்றார். மறுநாளும் அதே பேச்சு, அதற்கடுத்த நாளும். அடுத்த கோளாறு வந்தால் ஜீப்பை விற்றுவிட வேண்டும் என்று நீ கண்டிப்பாகச் சொல்லியிருந்தாய் அல்லவா, அதற்குப் பயந்து பொய் சொல்கிறார் என்றே முடிவு கட்டினேன். மூன்று வாரம் அவரைப் பொய்யர் என்று பகிரங்கமாகவே அழைத்தேன். இதற்கிடையில் என் வாயை அடைப்பதற்காகப் புது பேட்டரி ஒன்று வாங்கி மாட்டினார். விளக்குகள் அதைப் பொருட்படுத்தவில்லை.

கடைசியில் நானே அவரை இழுத்துக்கொண்டு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போனேன். நாற்பது வயதுப் பெண்மணி. வோல்ட் மீட்டரை எந்நேரமும் கழுத்தில் தொங்கவிட்டிருப்பதால் மீட்டரம்மா என்றுதான் ஊரில் பெயர். பேட்டரி முனைகளில் கம்பியை வைத்துப் பார்த்தார். என்ஜின் ஓடும்போது பதினாலுக்கு வர வேண்டியது பன்னிரண்டரையைத் தாண்டவில்லை. "பேட்டரி மேல தப்பில்ல மேடம். அதுக்கு சார்ஜ் ஏத்துற ஆல்டர்னேட்டர்ல கார்பன் பிரஷ் தேஞ்சு போச்சு. மங்கலாத்தானே எரியுதுன்னு விட்டுடாதீங்க, முழுசா எரியற அன்னிக்கு வண்டி நடுரோட்டுல நிக்கும்" என்றார். விளக்கின் இருபுறமும் மின்னழுத்தம் சமமாக இருந்தால் அது அணைந்திருக்கும், ஒரு பக்கம் குறைந்தால் குறைந்த அளவுக்கே எரியும். மூன்றும் ஒரே இணைப்பில் இருப்பதால் சேர்ந்தே எரிகின்றன. கல்லூரியில் முப்பத்தொரு ஆண்டு இயற்பியல் நடத்திய எனக்கு இது தானாகத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை, கணவரைத் திட்டுவதில் மும்முரமாக இருந்தேன்.

நாங்கள் டீ குடித்துவிட்டு வருவதற்குள் பிரஷ் மாற்றியாகிவிட்டது. உன் அப்பா ஓட்டுநர் இருக்கையில் ஏறி என்ஜினைக் கிளப்பினார், நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். பானெட்டுக்குப் பின்னாலிருந்து மீட்டரம்மா, "சார், இப்ப எப்படி இருக்கு?" என்று கத்தினார். உன் அப்பா என் முகத்தை ஒரு தடவை பார்த்தார். "மேடம் சொன்ன மாதிரி லேசா எரியுதும்மா" என்றார். மூன்றும் அணைந்திருந்தன. இத்தனை வருடத் தாம்பத்தியத்தில் முதன்முறையாக நான் சொன்னதை அவர் ஒப்புக்கொண்டபோது, நான் சொன்னது தவறாகியிருந்தது.

பொய் சொல்கிறவர் தமக்கு வசதியானதைத்தானே சொல்வார்? ஓடிய கிலோமீட்டரைப் படிக்கச் சொன்னேன். தயங்காமல் ஆறு இலக்கத்தையும் சொன்னார். முகப்பில் இருந்த எண்ணைவிட நான்கு குறைவு. நாங்கள் டீ குடிக்கும்போது மீட்டரம்மா வண்டியை நாலு கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்திருக்கிறார். உன் அப்பாவோ ஆயுள் முழுக்க நிலம் அளந்த மனிதர். எந்த இடம் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்பது அவருக்கு மனப்பாடம். ஒவ்வொரு நாளும் மனத்துக்குள்ளேயே கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். "எத்தனை நாளாங்க?" என்று கேட்டேன். "போன வருஷத்திலேர்ந்து கொஞ்சம் புகையா இருக்கு" என்றார். இறங்கி இந்தப் பக்கம் வந்து உட்காரச் சொன்னேன். எதிர்த்துப் பேசாமல் வந்து உட்கார்ந்ததுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். வலது கண்ணில் புரை. அடுத்த மாதம் எடுத்துவிடுவார்கள், தெளிந்துவிடும். இடது கண்ணில் அழுத்தம் ஏறி நரம்பு கெட்டிருக்கிறது. போன பார்வை வராது, இருப்பதைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம். ஸ்டியரிங்கை இனித் தொடக்கூடாது. "இதோட எப்படி சார் வண்டி ஓட்டினீங்க?" என்று டாக்டர் கேட்டார். "மெதுவா" என்றார் உன் அப்பா.

ஜீப்பை விற்கச் சொல்லாதே. நான் ஓட்டுகிறேன், உரிமம் இன்னும் செல்லுபடியாகிறது. சாவியை அன்று மாலையே என் மூக்குக்கண்ணாடிக் கூட்டின் மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். பக்கத்து இருக்கையில் இருந்துகொண்டு ஒவ்வொரு திருப்பத்துக்கும் "ஏதாவது எரியுதா?" என்று கேட்கிறார். நேற்று ஹேண்ட்பிரேக்கை இறக்காமல் கிளம்பிவிட்டேன், வண்டி திணறியது. பிரேக் விளக்கு மங்கலாக அல்ல, நன்றாகவே எரிந்தது. கேட்டார். "ஒண்ணும் எரியலியே" என்றேன். அவர் கையை நீட்டி, தடவாமல், ஒரே தடவையில் அந்தப் பிடியைச் சரியாகப் பிடித்து இறக்கிவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவரே ஒருநாள் உன்னிடம் சொல்வார். அப்போது புதிதாகக் கேட்பது போல் கேள். இந்தக் கடிதத்துக்கு உண்மையான காரணம் வேறு. பிள்ளைகள் உண்டா என்று டாக்டர் கேட்டார். இந்த அழுத்தம் குடும்பத்தில் தொடருமாம், தொடக்கத்தில் வலிக்காதாம், தெரியவும் தெரியாதாம். ஆகவே இந்த வாரமே கண் மருத்துவரிடம் போய் அழுத்தத்தை அளந்து பார். எனக்கு எல்லாம் நன்றாகத் தெரிகிறது என்று பதில் எழுதாதே, அதை இந்த வீட்டில் ஒருவர் சொல்லி முடித்துவிட்டார். அளந்த எண்ணை எழுது.

நீண்ட நாள் நன்றாக இரு, நன்றாகப் பார்.

எண்ணுக்காகக் காத்திருக்கும்,
உன் அம்மா