ஏழாவது ஆள் வரும்வரை

அன்பு மகளுக்கு, மூக்குக்கண்ணாடிக் கடையின் ஏகச் சக்கரவர்த்தியும் உன் ஒரே சித்தப்பாவுமாகிய நான் எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் என் வலது முழங்காலும் சுகம். இடது முழங்கால் மட்டும் தனி நாடு கேட்டுப் போராடுகிறது, பேச்சுவார்த்தை நடக்கிறது. அங்கே நீயும் உன் இருமலும் எப்படி, இருமல் ஊரைவிட்டுப் போய் நீ மட்டும் இருக்கிறாய் என்று பதில் வந்தால் மகிழ்வேன். கீழே கடை, மேலே வீடு, அதற்கும் மேலே என் ஒற்றை அறை, எல்லாம் நீ விட்டுப்போன மாதிரியேதான். மாடிப்படியில் ஐந்தாவது படி இன்னும் கத்துகிறது, அந்தச் சத்தத்துக்கு மூன்று தெரு தள்ளிக் குழந்தைகள் விழித்து அழுவதாகப் புகார். போனில் பேசாமல் இந்தக் கிழம் ஏன் காகிதத்தை எடுத்தது என்று கேட்பாய். போனில் என் குரல் என்னைக் காட்டிக்கொடுத்துவிடும், காகிதத்தில் நான் சிங்கம்.

போன புதன்கிழமை வேலைக்குப் போகிற பஸ்ஸில் நீ வாட்ஸ்அப்பைத் திறந்தபோது, ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் நம்மை விட்டுப்போன உன் தம்பி வாண்டுவின் பெயருக்குக் கீழே ஆன்லைன் என்று எழுத்து வந்தது, நீ பயந்துபோய் ஏதோ ஒரு நிறுத்தத்தில் இறங்கி நடுரோட்டில் நின்று எனக்குப் போன் அடித்தாய். யார் சித்தப்பா அவன் போனைத் தொட்டது, அந்த நம்பரை மொதல்ல நிறுத்துங்க, என்னால தாங்க முடியல என்றாய். நான் சரிம்மா சரிம்மா என்று சொல்லி, சிக்னல் இல்லை என்று பொய்யும் சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் பிரமாதமாக இருந்தது. போனைத் தொட்டது உன் அம்மா. தொட வைத்த குற்றவாளி நான். இரண்டையும் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அந்த ஆழ்கடல் பன்னிருவர் பொம்மை உனக்குத் தெரியும், விரல் உயரம், செம்புத் தொப்பி, கண்ணாடி முகம், பன்னிரண்டு முக்குளிப்புக்காரர்கள். அந்தக் கம்பெனிக்காரன் பொம்மையைச் செய்வதற்கு முன்பே விற்கிற மகா மேதாவி. படத்தைக் காட்டி முன்பதிவு வாங்கிக்கொண்டு, மூன்று மாதத்துக்கு ஒரு ஆளாகச் செய்து கப்பலில் அனுப்புவான். வாண்டு எட்டாவது ஆளிலிருந்து பன்னிரண்டாவது வரை எல்லோரையும் பதிவு செய்துவிட்டுத்தான் போனான். அது எங்களுக்குத் தெரியாது. அவன் போய் இரண்டாவது மாதம் அவன் பெயர் எழுதிய பெட்டியோடு பார்சல்காரர் கடை வாசலில் நின்று, சார் இருக்காரா என்றார். என் வாய் இருக்கிறதே, உலகத்திலேயே வேகமான வாய், அது வெளியே போயிருக்கார்ப்பா என்று சொல்லிவிட்டது. அவர் போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், அதைச் சொன்னாத்தான் குடுப்பேன் என்றார். அன்றைக்குத்தான் உன் அம்மா அணைந்து கிடந்த அந்தப் போனை அலமாரியிலிருந்து எடுத்து சார்ஜில் போட்டார். அன்றிலிருந்து அது அணைந்ததே இல்லை, மாதம் தவறாமல் ரீசார்ஜ். ஐந்து பெட்டி வந்தன, ஐந்து தடவையும் நான் அவனை வெளியே அனுப்பினேன். ஐந்தாவது தடவை பார்சல்காரர், ஒரு நாள்கூட அவரைப் பார்க்க முடியலயே, அவ்வளவு பெரிய வேலையா என்று கேட்டார். ஆமாம்ப்பா, லீவே கிடையாது என்றேன். சொல்லிவிட்டு லென்ஸ் தீட்டுகிற மெஷினை ஓடவிட்டேன், சும்மா, தீட்ட ஒன்றுமில்லை.

இதில் ஒரு விஷயம் எனக்கு விளங்கியது. பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கிற பொம்மைக் கடைக்காரர் இருக்கிறாரே, வாண்டு வாரம் தவறாமல் போய்ப் பெட்டிகளைக் குலுக்கிப் பார்த்து அவர் உயிரை வாங்குவானே, அவர் விஷயத்தைக் கேட்டதும் கல்லாவை மூடிவிட்டு வந்து எங்களோடு உட்கார்ந்திருந்தார். இப்போதும் வழியில் பார்த்தால் என் கையை ஒரு தடவை பிடித்துவிட்டுப் போவார், பொம்மைப் பேச்சு எடுக்கமாட்டார். நான்கு நாட்டில் இருக்கிற, அவன் பொம்மை வாங்கிய ஆன்லைன் கடைகளுக்கு யார் போய்ச் சொல்வது. அவன் பிறந்த நாளுக்கு வாழ்த்து வந்தது. நீங்கள் காத்திருந்தவர் உங்களை நோக்கிப் புறப்பட்டுவிட்டார் என்று ஒரு செய்தி வந்தது. மழைக்காலத்தில் ஒரு நாள், ரொம்ப நாளாக உங்களைக் காணோமே என்று ஒன்று வந்தது. அண்ணி, அதுதான் உன் அம்மா, அதைப் படித்துவிட்டு, எங்களுக்கும்தான் காணோம் என்று போனைப் பார்த்துச் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனார். நான் படியில் உட்கார்ந்தேன், ஐந்தாவது படிகூட அன்றைக்குக் கத்தவில்லை.

பன்னிரண்டாவது ஆள் நான்கு மாதத்துக்கு முன்னால் வந்து சேர்ந்தான். அதோடு முடிந்தது. அதற்குப் பிறகு பார்சல் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அண்ணி ஜன்னலுக்கு வருவார், வண்டி தாண்டிப் போனதும் உள்ளே போவார். ஒரு நாளைக்கு நாற்பதாயிரம் வண்டி போகிறது இந்தத் தெருவில், அவ்வளவு தடவையும் வந்தார் என்று வைத்துக்கொள். உன் சித்தப்பாவால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. கடைக் கணினியில் வாண்டுவின் ஆன்லைன் கடைக் கணக்கு இன்னும் மூடாமல் கிடக்கிறது, அதில் போய் ஒரு மாலுமி பொம்மைக்கு அவன் பெயரிலேயே ஆர்டர் போட்டேன். என் வாழ்நாளின் மிக நுட்பமான சதி என்று நினைத்துக்கொண்டேன். புதன்கிழமை அது வந்தது, நம்பருக்காக அண்ணி அவன் போனில் வாட்ஸ்அப்பைத் திறந்தார், நீ அங்கே பார்த்தாய். மேலே கொண்டுபோய்ப் பிரித்தவர் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. இது அவன் வாங்கினதில்ல, பெட்டி முனை நசுங்காம வர அவன் தனியா அட்டை போடச் சொல்லுவான், இது வெறும் பையில வந்திருக்கு, உங்க பொம்மை, உங்க மேஜையில வச்சுக்குங்க என்றார். கோபமில்லை. அந்த மாலுமி இப்போது என் மூக்குக்கண்ணாடிப் பெட்டிமேல் நின்று என்னைக் கேவலமாகப் பார்க்கிறான்.

அன்று போனில் நீ அழுதுகொண்டே இன்னொன்றும் சொன்னாய். ஏழாவது ஆளான விளக்குக்காரனை உன் ஊரில் இருக்கிற கம்பெனிக் கடையில் மட்டும்தான் விற்றார்கள், நேரில் போனால்தான், ஆளுக்கு ஒன்றுதான். மூன்றாவது ஆளை வாண்டு வேறு ஏதோ நாட்டிலிருந்து ஆன்லைனில் வாங்கினான், நான் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துப் போலி என்று தீர்ப்புச் சொன்னேன், அவன் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தான். அதனால்தான் இதையாவது நீ கடையில நின்னு வாங்குக்கா என்று உன்னிடம் கெஞ்சினான். எனக்கு இருபத்தாறு வயசாச்சு, பொம்மைக்காக மூணு மணி நேரம் வரிசையில நிக்க எனக்கென்ன பைத்தியமா, ஆன்லைன்ல வாங்கித் தொலை என்று நீ வைத்துவிட்டாய். மறுநாள் காலையில் நீயே போய் நின்று வாங்கினதும், கையில் கொடுக்கும்போது அவன் முகத்தைப் பார்க்கவேண்டும் என்று சொல்லாமல் வைத்திருந்ததும், அதற்கு அடுத்த நாள் அவனை ஆஸ்பத்திரியில் சேர்த்த செய்தி வந்ததும், மூன்றே நாளில் எல்லாம் முடிந்ததும், அந்தப் பெட்டி இன்றுவரை உன் சமையல் அலமாரியில் மாவு டப்பாவுக்குப் பின்னால் இருப்பதும் புதன்கிழமைதான் எனக்குத் தெரிந்தது. நான் வாங்கலன்னு நினைச்சுக்கிட்டே போயிட்டான் சித்தப்பா என்றாய்.

இதை நான் அண்ணியிடம் சொல்லவில்லை, சத்தியம். நம்பரை நிறுத்திவிடலாமா, பிள்ளை அங்கே பயப்படுகிறாள் என்று மட்டும் நேற்றுக் கேட்டேன். அண்ணி வாண்டுவின் அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்தப் போலி மூன்றாவது ஆளையும் சேர்த்துப் பதினொரு பேரும் வரிசையாக நிற்க, ஆறாவதுக்கும் எட்டாவதுக்கும் நடுவே ஒரு ஆள் இடம் காலி, அதையும் துணியால் துடைத்தார். இன்னும் ஒண்ணு வரணுமே, அது வந்ததும் நிறுத்திடலாம் என்றார். எது என்றேன். ஏழாவது என்றார். அது எப்படி வரும் என்றேன், என் குரல் எலிக்குஞ்சு மாதிரி இருந்தது. ஆஸ்பத்திரியில் இரண்டாம் நாள், மூக்கில் குழாய் வைப்பதற்கு முன்னால், வாண்டு சொன்னானாம். எட்டாவது வந்தா ஏழாவதுக்கு எடம் விட்டு வையும்மா, அக்கா வாங்கிட்டா என்றானாம். அவ சொன்னாளா என்று அண்ணி கேட்டாராம். சொல்லல, அவ என்னைத் திட்டிட்டா, திட்டினா வாங்கிடுவா என்று சொல்லிச் சிரித்தானாம்.

மகளே, சத்தியமாக இதில் என் மிகைப்படுத்தல் ஒரு கடுகளவும் இல்லை. அவனுக்குத் தெரியும். உன் அம்மா உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்றால், நீ வாங்கியது அவருக்குச் சந்தேகமே இல்லாத விஷயம், அனுப்ப உனக்கு நேரமில்லை என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருக்கிறார். அதற்கு நம்பர் வருமே என்றுதான் போனை அணைக்காமல் வைத்திருக்கிறார். அவன் போனபோது நீ வந்திருந்த நான்கு நாளும் அவன் அறைப்பக்கம் போகவில்லை, அதற்குப் பிறகு வரவும் இல்லை, காரணம் இப்போது எனக்குத் தெரியும், திட்டமாட்டேன். ஆனால் அந்தப் பெட்டியைப் பார்சலில் அனுப்பிவிடாதே. அனுப்பினால் அவன் போன் மறுபடியும் திறக்கும், பார்சல்காரர் சார் இருக்காரா என்பார், வெளியே போயிருக்கார் என்று இன்னொரு தடவை சொல்ல என்னிடம் வாய் இல்லை. கடையில் நின்று வாங்கினாய், கையிலேயே கொண்டுவா. நீயே அந்த அறைக்குள் போய் அந்த இடத்தில் வை. அன்றைக்கு மதியமே நாம் மூன்று பேரும் போய் நம்பரை நிறுத்திவிட்டு வரலாம். விமானத்தில் பெட்டியை மடியில் வைத்துக்கொள், மேலே வைக்காதே, முனை நசுங்கினால் அவனுக்குப் பிடிக்காது.

நீண்ட ஆயுளும் இருமலில்லாத நெஞ்சும் உனக்கு வாய்க்கட்டும். டிக்கெட் போட்டதும் எனக்குச் சொல்லாதே, அண்ணியிடம் சொல், ஜன்னலுக்கு வர அவருக்கு ஒரு தேதி வேண்டும்.

என்றும் உன் நலம் கோரும்,
சித்தப்பா
(கூடவே, உன்னைப் பார்க்கக் காத்திருக்கும் ஒரு கேவலமான மாலுமி)