ஒன்று கூட்டி எழுதியவள்

அன்பு மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் குட்டிப்பயலும் சுகமாக இருக்கிறீர்களா. இங்கே உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை, ஆனால் படி ஏறாதே என்று டாக்டர் சொன்ன அன்றைக்குத்தான் அவளுக்கு மொட்டைமாடியில் வேலை வரும், நான் சொன்னால் கேட்கிற ஆளா அவள். எனக்குத்தான் மனசு சரியில்லை. அன்றைக்கு போனில் "என்னப்பா, குரல் ஒரு மாதிரி இருக்கு" என்று நீ கேட்டதும் எங்கே அழுதுவிடுவேனோ என்று பயந்து அம்மா கையில் கொடுத்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே.

எங்கள் பள்ளி மாலை வகுப்பு உனக்குத் தெரியுமே, நீ கலர் பென்சில் அனுப்பியது அதற்குத்தான். இல்லாத வீட்டுப் பிள்ளைகளும் வசதியான பிள்ளைகளுக்குச் சமமாகப் படிக்க வேண்டும் என்று கல்வி அலுவலகம் ஆரம்பித்தது, கூடுதலாக இரண்டு டீச்சர், பாலும் ரொட்டியும், கூட வரும் தம்பி தங்கைகளுக்கு ஒரு பாய். வாயாடி என்று ஒருத்தியைப் பற்றி எழுதியிருக்கிறேன் அல்லவா, அம்மா சலவைக்கடையில் வேலை. தம்பியைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு கணக்குப் போடுவாள், நான் போர்டில் தப்புவிட்டால் "சார், தூக்கமா" என்று கேட்பாள், கழுதை. அரையாண்டுத் தேர்வில் எங்கள் பிள்ளைகள் பெரிய பள்ளிப் பிள்ளைகளுக்குச் சமமாக மார்க் வாங்கிவிட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதுதான் வினையாகிவிட்டது. அலுவலகத்திலிருந்து அதிகாரி வந்து கைதட்டினார், இனி இங்கே குறை இல்லையாம், அதனால் வகுப்பும் டீச்சர்களும் வேறு பள்ளிக்கு மாற்றமாம். காய்ச்சல் இறங்கியதும் மருந்தைப் பிடுங்குகிறார்களே என்று உன் அம்மாவிடம் புலம்பித் தீர்த்தேன். அவரையும் குறை சொல்ல முடியாது, இருக்கிற நாலு டீச்சரை வைத்து எத்தனை ஓட்டையைத்தான் அடைப்பார். பிள்ளைகள் முகம் சுண்டிப்போனதைப் பார்த்து, "கவலப்படாதீங்க, மார்க் குறைஞ்சா திரும்ப வந்துடுவோம்" என்று விளையாட்டாகச் சொன்னார். பின்னால் நின்று நானும் சிரித்துத் தொலைத்தேன்.

அப்புறம் பெரிய பள்ளிக்கான நுழைவுத் தேர்வு வந்தது. எங்கள் பள்ளியில் மேல்வகுப்பு கிடையாது, அதில் தேறினால்தான் இந்தப் பிள்ளைகளுக்கு மேற்கொண்டு படிப்பு. வாயாடி கண்ணை மூடிக்கொண்டு தேறுவாள் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தேன். கணக்கில் முட்டை. தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்தால், பன்னிரண்டு வர வேண்டிய இடத்தில் பதின்மூன்று, நாற்பதுக்கு நாற்பத்தொன்று, எல்லா விடையிலும் ஒன்று கூட்டி எழுதியிருக்கிறாள். தெரியாத பிள்ளைக்கு இப்படித் தப்பு வருமா அம்மாடி. கூப்பிட்டுக் கேட்டேன். முகமெல்லாம் சிரிப்பு, "வேணும்னுதான் சார் தப்பா எழுதுனேன், தம்பி அடுத்த வருஷம் ஒண்ணாவது வர்றான், அவனுக்குக் கிளாஸ் வேணும்ல" என்றாள்.

தாளைத் தூக்கிக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடினேன், கத்தினேன், கெஞ்சினேன். அந்த மனுஷனுக்கும் கண் கலங்கிவிட்டது, ஆனால் "எழுதினதுக்குத்தான் சார் மார்க் போட முடியும், தெரிஞ்சதுக்கு எப்படிப் போடறது" என்கிறார். மறுபடி எழுதவும் விதி இல்லையாம், ஒரு பிள்ளை மார்க் குறைந்ததற்காக வகுப்பும் வராதாம். அவள் அம்மாவிடம் எவ்வளவோ எடுத்துச் சொன்னேன், "நீங்க நல்லவரு, அதனால சொல்றீங்க, படிப்பு ஏறலன்னு மார்க்கே சொல்லுதே சார்" என்று சொல்லிவிட்டாள். இப்போது வாயாடி சலவைக்கடையில் துணி மடிக்கிறாள். எனக்குச் சோறு இறங்கவில்லை, உன் அம்மா தட்டைப் பார்த்துத் திட்டிவிட்டு அவளும் சாப்பிடாமல் படுக்கிறாள்.

நேற்று கடைக்குப் போனேன். "மக்கு, ஒழுங்கா எழுதியிருந்தா என் பொண்ணு மாதிரி பெரிய ஆளா வந்திருப்பியே" என்றேன். அவள் ஒரு சட்டையை மடித்துக்கொண்டே, "அவங்களும் நல்லா மார்க் வாங்குனாங்க, உங்கள விட்டுப் போயிட்டாங்கல்ல சார்" என்றாள்.

குழந்தைக்குக் காதை மூடாமல் வெளியே கூட்டிப்போகாதே. இருமல் மருந்தைப் பாதியில் நிறுத்தாதே. நீங்கள் மூவரும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். இந்த வருஷமாவது லீவு கேட்டுப் பார் அம்மா. வந்தால் முதலில் சலவைக்கடைக்குப் போவோம், நல்ல மார்க் வாங்கினவர்களும் திரும்பி வருவார்கள் என்று அந்தப் பிள்ளை ஒரு தடவை கண்ணால் பார்க்கட்டும். அவளைச் சாக்கு வைத்து அப்பா கூப்பிடுகிறார் என்று நினைத்தால் அப்படியே நினைத்துக்கொள்.

உன் வரவை எதிர்பார்த்திருக்கும்
அப்பா