அப்பா பெயரில் வந்ததைத் திறக்காதே

என் மகளுக்கு,

நீ எந்தக் கடலைத் தாண்டிக்கொண்டிருந்தாலும் உடம்பும் மனமும் திடமாக இருக்க வேண்டும் என்று நினைத்தபடி உன் அப்பா கையால் எழுதுவது. அம்மா சுகம். எதிரில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டு, நான் என்ன எழுதுகிறேன் என்று எட்டி எட்டிப் பார்க்கிறாள். நான் எப்படி இருக்கிறேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன், அதற்குக் காரணம் இருக்கிறது. முதலில் விஷயம். என் பெயரில் உனக்கு வந்திருக்கும் எந்த மின்னஞ்சலையும் திறக்காதே. ‘அப்பாவின் மருத்துவ அறிக்கை’ என்று ஓர் இணைப்போடு ஒன்று கட்டாயம் வந்திருக்கும், அதைத் தொடவே தொடாதே. அது நான் அனுப்பியது இல்லை. எனக்கு ஒரு நோயும் இல்லை, நோய் நம் வீட்டுக் கணினிக்கு. கப்பல் கரையைத் தொட்ட பிறகுதான் வீட்டு அஞ்சல்கள் மொத்தமாக வந்து விழும், பொறியாளர்கள் எல்லாருக்கும் பொதுவான அந்த ஒரே கணினியில்தான் பார்ப்பேன் என்று நீதான் முன்பு எழுதியிருந்தாய். உன் வழக்கம் எனக்குத் தெரியும். எத்தனை அஞ்சல் குவிந்திருந்தாலும் அப்பாவின் பெயரைத் தேடி அதைத்தான் முதலில் திறப்பாய். இத்தனை வருடமும் அதை நினைத்துப் பெருமைப்பட்டேன், இப்போது அதை நினைத்துத்தான் இதை அவசர அவசரமாக எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், வரிசை தப்பினால் எனக்கே குழம்பிவிடும். நீ கப்பல் வேலைக்குப் போகும் முன் அந்தக் கணினியை மேசையில் வைத்துக் கொடுத்துவிட்டு, ‘அப்பா, அது நடுநடுவுல ஏதாவது கேக்கும், நீங்க பயப்படாதீங்க, எது கேட்டாலும் பிறகுன்னு இருக்குற பொத்தானை அமுக்குங்க, நான் வந்து பாத்துக்கறேன்’ என்று சொன்னாய் அல்லவா. நீ அதை முதல் விடுப்பில் வரும் வரைக்கும் மட்டும் சொல்லியிருப்பாய் என்று இப்போது தோன்றுகிறது. நான் அதை விதியாகவே எடுத்துக்கொண்டேன். புதுப்பிக்கட்டுமா என்று அது எத்தனையோ முறை பணிவாகக் கேட்டது, நானும் பணிவாகப் ‘பிறகு’ என்றே சொல்லி வந்தேன். வாழ்நாள் முழுதும் சட்டப் புத்தகங்களுக்கு மெய்ப்புத் திருத்தியவன், சொன்னதில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற மாட்டேன். உள்ளே இருந்ததெல்லாம் பழசாகி, பூட்டுகள் துருப்பிடித்து, இந்த வகைக்கு இனிமேல் பாதுகாப்பு கிடையாது என்று அதைச் செய்தவர்களே கைவிட்ட பிறகும் நான் ‘பிறகு’ தான். அப்படியிருக்கும்போது போன வாரம் ஒரு மதிய வேளையில் திரை முழுவதும் சிவப்பாகி ஒரு பெட்டி வந்தது. உங்கள் கணினி பெரும் ஆபத்தில் இருக்கிறது, உடனே சுத்தம் செய்யுங்கள் என்று அதில் எழுதியிருந்தது, கூடவே ஓர் அலறல் சத்தம். நான் வழக்கம்போலப் ‘பிறகு’ பொத்தானைத் தேடினேன். இல்லை. மேலே, கீழே, மூலையில், எங்கேயும் இல்லை. ‘இப்போதே’ என்று ஒன்றுதான் இருந்தது. அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள், சோறு ஆறிப்போனது, நான் அந்தப் பெட்டிக்கு முன்னால் வாத்தியாரிடம் மாட்டிக்கொண்ட பிள்ளைபோல உட்கார்ந்திருந்தேன். கடைசியில், இருப்பது ஒரே பொத்தான் என்றால் அதைத்தானே அமுக்கச் சொல்கிறார்கள் என்று அமுக்கிவிட்டேன். முறையாக வந்து கேட்டதையெல்லாம் வாசலிலேயே திருப்பி அனுப்பியவன், திருடன் வந்து அதட்டியதும் கதவைத் திறந்துவிட்டேன்.

சத்தம் நின்றது, சிவப்பு போய்ப் பச்சையில் நன்றி என்று ஒரு வரி வந்தது. நானும் நிம்மதியாகப் போய் ஆறின சோற்றைச் சாப்பிட்டேன். இரண்டு நாள் கழித்து என்னோடு அச்சகத்தில் வேலை பார்த்த கண்ணாடிக்காரர் தொலைபேசியில் கூப்பிட்டார், நீ சின்ன வயதில் அவர் கண்ணாடியைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டு நடப்பாயே, அவர்தான். எடுத்ததுமே, ‘என்ன சார் இது, மருத்துவ அறிக்கையெல்லாம் அனுப்பியிருக்கீங்க, என்னால திறக்கவே முடியல, மனசு கேக்கல, எந்த இடத்துல கட்டி?’ என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவரிடம் பேசி முடிப்பதற்குள் பல் மருத்துவர் கூப்பிட்டார், பிறகு கீழ்வீட்டுத் தையல்காரம்மா பழ ஜூஸோடு படியேறி வந்துவிட்டார். உன் அம்மா வாசலில் அவரிடம் விஷயத்தைக் கேட்டுக்கொண்டு உள்ளே வந்தாள் பார், அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். ‘ஊருக்கெல்லாம் லெட்டர் போட்டுச் சொல்லத் தெரிஞ்சவருக்கு, ஒரே வீட்டுல இருக்குற என்கிட்ட சொல்ல வாய் வரலயா? தையக்காரம்மா சொல்லித்தான் நான் தெரிஞ்சுக்கணுமா?’ என்று பிடித்துக்கொண்டாள். எனக்கு ஒன்றுமில்லை என்று நான் சொல்லச் சொல்ல, இவர் மறைக்கிறார் என்றே அவளுக்கு உறுதியானது. கடைசியில் அனுப்பிய அஞ்சல்கள் இருக்கும் இடத்தைத் திறந்து காட்டினேன். அப்போதுதான் நானும் பார்த்தேன். முகவரிகளில் இருந்த எல்லாருக்கும் போயிருந்தது. உனக்கும். அதுவும் சும்மா போகவில்லை. உன் பழைய கடிதம் ஒன்றுக்கு நான் பதில் போடுவதுபோல, என்னுடைய பழைய வாக்கியங்களையே எடுத்துக் கோத்து எழுதியிருந்தது. அன்புள்ள பட்டாணிக்கு, இங்கு நாங்கள் எல்லோரும் நலம், நீ ஒன்றுக்கும் கவலைப்படாதே, ஓய்வாக இருக்கும்போது இணைப்பைப் பார், என்று. நானே எழுதியதுபோல இருந்தது. ஆயுசெல்லாம் பிழை திருத்தியவனுக்கு அதில் திருத்த ஒரு கமா கூட இல்லை. உன்னை நான் கூப்பிடும் பெயர் முகம் தெரியாத ஒருவனுடைய வாயில் இருக்கிறது என்று நினைத்தபோது எழுந்து போய் வாசல் கதவைத் தாழிட்டேன். அதனால் என்ன பயன் என்று கேட்காதே.

சித்தப்பாவைக் கூப்பிட்டேன். மின்சார அலுவலகத்தில் கணினிப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றதிலிருந்து, யாராவது கூப்பிட மாட்டார்களா என்று பையைத் தயாராக வைத்திருக்கிறவன் அவன். வந்ததும் முதல் வேலையாக இணைய வயரைப் பிடுங்கினான். ‘இனி உள்ள இருக்குறவன் வெளிய பேச முடியாது, அண்ணா. வாயக் கட்டிட்டோம், இனி கையக் காலக் கட்டணும்’ என்றான். பிறகு கணினியைக் குறைந்தபட்சத் தேவையோடு மட்டும் எழுப்பும் ஒரு முறை இருக்கிறதாம், அப்படி எழுப்பி, தன் வீட்டிலிருந்து கொண்டுவந்த பென்டிரைவில் இருந்த சோதனை நிரலை ஓடவிட்டான். வரிசையாகச் சிவப்புச் சிவப்பாக வந்தது. நான் ‘இப்போதே’ என்று உள்ளே விட்ட அந்தச் சுத்தம் செய்கிறவன்தான் முதல் ஆள், அவன் கூட்டி வந்தவர்கள் மற்றவர்கள். ஒருவன் நான் தட்டும் எழுத்தையெல்லாம் படித்துக்கொண்டிருந்தானாம். அதைக் கேட்டதும் திரைக்கு மேலே இருக்கும் அந்தக் குட்டிக் கண்ணாடிக் கண்ணைப் பார்த்தேன். நான் உன் கடிதங்களை உள்பனியனோடு உட்கார்ந்து சத்தமாக வாசிக்கிறவன், அழுகிற இடத்தில் அழுகிறவன். பார்த்திருப்பானா என்று கேட்டேன். சித்தப்பா சிரித்து, ‘பாத்திருந்தா பாவம்ணே அவன், இந்நேரம் திருந்தியிருப்பான்’ என்றான். அம்மா மட்டும் சிரிக்காமல் முதலுதவிப் பெட்டியிலிருந்து ஒரு பிளாஸ்திரியை எடுத்து அந்தக் கண்மேல் ஒட்டிவிட்டுப் போனாள். அது இன்னும் இருக்கிறது.

எல்லாவற்றையும் நீக்கி, இரண்டாம் முறை சோதித்து, சுத்தம் என்று சொல்லிவிட்டு அவன் காபி குடிக்க அடுக்களைக்குப் போனான். இங்கேதான் நான் இன்னொரு காரியம் செய்தேன். அன்று சித்தப்பா நம் வீட்டுக்கு வந்து சேர்வதற்கு முன்பே, எதுவும் அழிந்துவிடக்கூடாது என்று முன்யோசனையோடு உன் படங்களையும் நம் கடிதங்களையும் ஒரு பென்டிரைவில் பிரதி எடுத்து, உறையில் போட்டு, மேலே பெயரும் எழுதி வைத்திருந்தேன். இப்போதுதான் சுத்தமாகிவிட்டதே, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்போம் என்று அதைச் செருகினேன். கண் மூடித் திறப்பதற்குள் அதே சிவப்புப் பெட்டி, அதே அலறல். சித்தப்பா டம்ளரோடு ஓடி வந்தான். ‘அண்ணா, நான் அவனக் கழுத்தப் பிடிச்சு வாசல்ல தள்ளிட்டு வர்றேன், நீங்க பின்வாசல் வழியா கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்து உக்கார வச்சிருக்கீங்களே!’ என்று தலையில் அடித்துக்கொண்டான். அவன் சொல்வதும் சரிதான். கவனமாக இருந்துதான் நான் கெட்டேன், கவனக்குறைவாக இருப்பவர்களுக்கு இவ்வளவு நடப்பதில்லை.

பிறகு வேறு வழியில்லாமல் உள்ளே இருந்த எல்லாவற்றையும் அடியோடு அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றினான். அந்தப் பென்டிரைவைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கழுவித் துடைத்துத் தருகிறேன் என்றான், உன் படங்கள் ஒன்றுகூடப் போகவில்லை. புதியது ஏறும்போது திரையில் தயவுசெய்து அணைக்காதீர்கள் என்று வந்தது. சதவீதம் ஊர்ந்து ஊர்ந்து போனது, ஓர் எண்ணிலேயே நின்றுவிட்டது, செத்துப்போய்விட்டதோ என்று காது வைத்துக் கேட்டேன். ஃபியூஸ் போய்விடும் என்று அம்மாவை இஸ்திரிப் பெட்டியைத் தொடவிடவில்லை. ‘குழந்த பொறக்கும்போதுகூட இந்த மனுஷன் இப்படி உக்காந்து பாக்கல’ என்று அவள் சித்தப்பாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது. பொய். நீ பிறந்தபோது என்னை உள்ளே விடவில்லை. கடவுச்சொல்லையும் சித்தப்பா வீட்டுக் கணினியில் உட்கார்ந்து மாற்றியாயிற்று. பழையது என்ன என்று அவன் கேட்டபோது சொல்லக் கூச்சமாக இருந்தது. பட்டாணிதான், வேறென்ன. இனிமேல் அந்தப் பெயரை எங்கும் எழுத மாட்டேன், நேரில் பார்க்கும்போது கூப்பிடுகிறேன்.

மற்றவர்கள் எல்லாரிடமும் தொலைபேசியில் சொல்லியாயிற்று, கண்ணாடிக்காரருக்கு நான் சாகவில்லை என்பதில் கொஞ்சம் ஏமாற்றம் போலக்கூட இருந்தது. மிச்சம் நீ ஒருத்திதான், நீயோ நடுக்கடலில் இருக்கிறாய். சித்தப்பா தன் முகவரியிலிருந்து உனக்கு எச்சரிக்கை அனுப்பியிருக்கிறான், ஆனால் நீ அவனுடையதைக் கடைசியில்தான் படிப்பாய். கப்பல் நிறுவனத்துக்குக் கூப்பிட்டேன். எடுத்த பெண்ணிடம், என் மகளுக்கு ஒரு செய்தி, அப்பா அனுப்பியதைத் திறக்க வேண்டாம் என்று அப்பா சொன்னார் என்று சொல்லுங்கள் என்றேன். ‘சார், எந்த அப்பா?’ என்று கேட்டாள், திரும்ப விளக்கினேன், ‘சரி சார், ஆனா நீங்க எந்த அப்பா?’ என்றாள். நியாயமான கேள்வி. செய்தியைக் குறித்துக்கொண்டு, அடுத்த துறைமுகத்து முகவரியும் கொடுத்து, எதற்கும் தபாலிலும் எழுதிவிடுங்கள் என்றாள். அதனால்தான் இது. இப்போதெல்லாம் கப்பலே கணினியில்தான் ஓடுகிறது என்று சித்தப்பா வாய்தவறிச் சொல்லிவிட்டான். நீ என் பெயரைப் பார்த்து ஆசையாகத் திறந்து, அதிலிருந்து அது உங்கள் எந்திர அறை வரைக்கும் போய், தண்ணீருக்கு நடுவில் எல்லாம் நின்றுபோய் இருட்டாகிவிடுவதாக எனக்கு ஓயாமல் தோன்றிக்கொண்டிருக்கிறது. அப்படியெல்லாம் ஆகாது, அது வேறு இது வேறு என்று அவன் பிறகு எவ்வளவோ சொன்னான். நான் தலையாட்டினேன்.

இந்தக் கடிதமும் போலி இல்லை என்று உனக்கு எப்படித் தெரியும் என்று அவனே கேட்டான். உங்கள் கையெழுத்தை அவள் பார்த்துப் பல வருடம் ஆயிற்றே, திருடனுக்குத் தெரியாத ஒன்றை எழுதுங்கள் என்றான். யோசித்துப் பார்த்தேன். உன் முழங்கால் தழும்பு, நீ கண்ணாடி போட்டுக்கொண்டு நடந்தது, மழையில் நனைந்த உன் பரீட்சைத் தாள், எல்லாவற்றையும் ஏதோ ஒரு கடிதத்தில் தட்டியிருக்கிறேன், எல்லாம் அவனிடம் இருக்கிறது. பென்டிரைவ் சுத்தமாகி வந்த பிறகு நான் உனக்கு எழுதியவற்றை முதலிலிருந்து படித்தேன். எல்லாவற்றிலும் ஒரே வரி. நாங்கள் நலம், கவலைப்படாதே. அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு கிடந்த வாரத்திலும் அதே வரி. (இப்போது நன்றாக நடக்கிறாள், எழுதச் சொல்கிறாள்.) உங்கள் பக்கம் புயல் என்று செய்தியில் கேட்டு நான் வானொலியை அணைக்காமல் கிடந்த நாட்களிலும் அதே வரி. அதனால்தான் அவனால் என்னைப்போலவே அவ்வளவு சுலபமாக எழுத முடிந்தது. நான் உனக்கு ஒருமுறைகூட எழுதாதது ஒன்றுதான், எனக்குப் பயமாக இருக்கிறது என்பது. அது அவனிடம் இல்லை.

ஆகவே அதுவே நமக்குள் அடையாளமாக இருக்கட்டும். இனி நான் எழுதும் ஒவ்வொரு கடிதத்திலும் என் பயம் ஒன்று இருக்கும், சின்னதோ பெரியதோ. எல்லாம் நலம் என்று மட்டும் சொல்லிக்கொண்டு அப்பா பெயரில் எது வந்தாலும் திறக்காமல் அழித்துவிடு. இதைப் படித்துவிட்டு அம்மா, ‘எனக்குப் பயமெல்லாம் ஒண்ணும் இல்லன்னு எழுதுங்க’ என்கிறாள். அவள் பயப்படுவதாக ஏதாவது வந்தால் அதுவும் போலி என்று வைத்துக்கொள்.

உன் சொந்தக் கணினி, கைப்பேசி எது புதுப்பிக்கக் கேட்டாலும் தள்ளிப் போடாதே, ஆனால் அலறிக்கொண்டு வருகிற எதையும் நம்பாதே. நேற்று இங்கே புதியதில் ஒரு பெட்டி வந்தது, அலறாமல், இரண்டு பொத்தானோடு. சித்தப்பாவிடம் தொலைபேசியில் வாசித்துக் காட்டிவிட்டு ‘இப்போதே’ என்பதை அமுக்கினேன். அது முடியும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. இந்தக் கடிதம் கிடைத்ததும் கரையிலிருந்து ஒருமுறை கூப்பிடு, குரல் கேட்டால் போதும். உன் காலடியில் இருக்கும் தளம் ஆடாமல் இருக்கட்டும், உன் எந்திரங்கள் உன் சொல் கேட்கட்டும், போன வழியே பத்திரமாக வீடு வந்து சேர்.

நான் எப்படி இருக்கிறேன் என்று கடைசியில் சொல்வதாக எழுதினேன். பயமாக இருக்கிறதம்மா.

இப்படிக்கு,
உன் அப்பா, நான்தான்