அண்ணாச்சியின் ஸ்டூல்

வியாழன், இரவு

நாளைக்கு அடையாறு க்ளினிக்குக்குப் போக வேண்டாம். இதை எழுதும்போதே உடம்பு லேசாகிறது. என் எலும்பு மஜ்ஜையிலிருந்து ஸ்டெம் செல் எடுத்து, தேய்ந்துபோன இடுப்பு மூட்டுக்குள் ஊசியாகப் போடுவதாகச் சொன்னார்கள். நானும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டிவிட்டு வந்தேன். என் மனைவி சரசுதான் விடாமல் இன்று ஆழ்வார்பேட்டை எலும்பு டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

"புடவைக் கடையில எப்படி உட்காருவீங்க?" என்று டாக்டரம்மா கேட்டார். தரையில் சம்மணம் போட்டு, தோளில் கிடந்த துண்டைப் பட்டுப்புடவை மாதிரி விசிறிக் காட்டினேன். எழுந்திருக்க சரசு கைகொடுக்க வேண்டியிருந்தது.

"அந்த ஊசி பலன் தரும்னு இன்னும் உறுதியாத் தெரியலை. ஆபரேஷனும் இப்ப வேண்டாம். பயிற்சி சொல்லித் தர்றேன். முதல்ல தரையை விடுங்க."

தி.நகரில் எங்கள் கடையில் மெத்தையில் உட்கார்ந்துதான் புடவை காட்ட வேண்டும். பயந்துகொண்டே முதலாளி அண்ணாச்சிக்கு போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவரும் எங்களோடு மெத்தையில் உட்கார்ந்தவர்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் திடீரென்று உயரமான ஸ்டூலுக்கு மாறினார். பணத்திமிர் என்று கடை முழுக்கச் சொல்லித் திரிந்தவன் நான்.

"ஒனக்கும் ஒரு ஸ்டூல் போட்டுருதேம்ல" என்றார். "அந்த ஊசிய நான் எப்பமோ போட்டுப் பாத்தாச்சு. பொறவு எதுக்கு ஸ்டூல்ல உக்காந்திருக்கேன்னு நெனச்ச?"

நான் நினைத்ததை அவரிடம் சொல்லவா முடியும்?