நெருப்புக்கு இரு பக்கமும்

நவம்பர் 7, சூரத்

எழுந்ததும் முதல் வேலையாகச் சமையலறையில் விளக்கேற்றினேன். தீக்குச்சியை ஊதவில்லை. தட்டில் போட்டு, அதுவாக எரிந்து முடியும்வரை பக்கத்தில் நின்றேன். ஜயேஷ் இருந்திருந்தால், "பார்சி நெருப்புமேல பனியா மூச்சு படக்கூடாதோ, மேடம்?" என்று கேட்டிருப்பார். அவர் பனியா, வியாபாரிக் குடும்பம். கல்யாணமான நாளிலிருந்து தினமும் அதே கேலி. இரண்டு வருடமாக யாரும் கேட்பதில்லை. குச்சி எரியும் சத்தம்கூடக் கேட்கிறது.

எங்கள் அருங்காட்சியகத்துக்குப் புதையல் பானை வந்துவிட்டது. கிணறு வெட்டும்போது கிடைத்ததாம். மேலாகக் கிடந்த காசுகளில் குங்குமம். தீபாவளிக்கு முந்தின தன்தேரஸ் பூஜையில் பாலில் கழுவிக் கும்பிட்ட பிறகுதான் அந்த வீட்டார் தாசில்தாரிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். குங்குமத்தைத் துடைக்க எனக்கு மனமில்லை. துடைத்தேன்.

நவம்பர் 9

கூட வேலை பார்க்கும் பாவ்னாபென் ஒரு காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதென்ன அர்னவாஸ்பென், வெறும் கோடும் புள்ளியும்? கடைத்தெருவுல கழுதைக் காசுன்னு சொல்றாங்களே, சரிதான். கழுதைதான் மிதிச்சிருக்கு."

சிரித்துவிட்டேன். பிறகு சொன்னேன்: ஈரான் அரசனின் வெள்ளிக்காசு இதற்கு மூலம். ஒரு புறம் அவன் முகம். மறுபுறம் நெருப்புப் பீடம், அதன் இரு பக்கமும் ஒவ்வொருவராய் இரண்டு காவலர். ஹூணர்களோடு இந்தப் பக்கம் வந்தது. இங்கே அதைப் பார்த்து அச்சு வெட்டினார்கள். பிறகு வெட்டியதைப் பார்த்து வெட்டினார்கள். அறுநூறு வருடத்தில் அரசனின் மூக்கு ஒரு கோடாயிற்று, காவலர்கள் புள்ளிகளானார்கள்.

"அப்போ வெட்டினவனுக்கு இது நெருப்புன்னே தெரியாதா?"

தெரியாது. ஆனால் யாரும் அதை விட்டுவிடவும் இல்லை.

நவம்பர் 12

அண்ணன் ஹோஷங் போன் செய்தான். பப்பாவுக்கு நுரையீரல் மோசம். கல்யாணத்துக்குப் பிறகு பப்பா என்னிடம் பேசியதில்லை. கோயில் நெருப்பைப் பார்த்துக்கொண்ட குருவின் மகள் வெளியே கட்டிக்கொண்டால் வேறென்ன செய்வார்?

"நம்ம பார்சிப் பெரியவங்ககிட்ட பேசிட்டேன், அர்னு. நீ புருஷன் வீட்டு தேசாய்ங்கற பேரை விட்டுடு. அந்தக் கல்யாணம் தப்புன்னு அவங்க முன்னாடி ஒரு வார்த்தை சொல்லிடு. பப்பா போற அன்னிக்கு சடங்கு மண்டபத்துக்கு உள்ள எங்களோட உக்காரலாம். இல்லேன்னா கேட்டுக்கு வெளியிலதான் நிக்கணும்."

"ஜயேஷ் செத்துட்டார், ஹோஷங்."

"அதனாலதான் சொல்றேன். அவருக்கு என்ன வலிக்கப்போவுது?"

நவம்பர் 13

ஒரு வார்த்தைதானே? — சொல்லிப் பார்த்தேன், குளியலறையில், தண்ணீரைத் திறந்துவிட்டு. பாதியிலேயே குழாயை மூடிவிட்டேன்.

நவம்பர் 16

மறுபடி ஹோஷங். "நீ நெருப்பு போட்ட காசு பாத்துட்டிருக்கேன்னு பப்பாகிட்ட சொன்னேன். கொண்டுவந்து காட்டச் சொல்றார்."

"என்னையா?"

"நானும் அதைத்தான் கேட்டேன். செவிடா நீன்னு திட்டறார்."

காசு வெளியே போகக்கூடாது. களிமண்ணில் அழுத்தி, பள்ளத்தில் பிளாஸ்டர் ஊற்றி அச்செடுத்தேன். காயும்வரை வீட்டுக்குக் கிளம்ப முடியவில்லை. கிளம்பி என்ன அவசரம்?

நவம்பர் 18

ரயிலேறிப் பப்பா வீட்டுக்குப் போனேன்.

பப்பா இவ்வளவு சின்னதாகிவிட்டார். தலையில் அதே வெள்ளைத் தொப்பி. கண் தெரியவில்லை. எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. கையை மட்டும் நீட்டினார். அச்சை வைத்தேன். கட்டைவிரலால் தடவினார்.

"தலைகீழா குடுக்கற." தானே திருப்பிக்கொண்டார். "இது பீடம். மேல எரியறது. ரெண்டு பக்கமும் யாரு?"

"காவல் நிக்கறவங்க, பப்பா."

"வெட்டினது நம்ம ஆளா?"

"இல்ல. நம்ம கோயிலைப் பாத்தே இருக்கமாட்டான்."

இருமினார். வீசியெறியப் போகிறார் என்று நினைத்தேன். விரல் மட்டும் அந்தப் புள்ளிகளின்மேல் போய்ப்போய் வந்தது.

"யார் யாரோ கையில இத்தனை வருஷம். அப்பவும் அணையவிடலை."

என் பக்கம் திரும்பி, "உன் வீட்டுல தீக்குச்சியை ஊதறாங்களா?"

"இல்ல, பப்பா. அவரும் ஊதினதில்ல. என்னைக் கேலி பண்ணுவார். ஆனா ஒருநாள்கூட ஊதினதில்ல."

இதை யாரிடமும் சொன்னதில்லை. எனக்கே அப்போதுதான் தெரிந்த மாதிரி இருந்தது.

"ம்," என்றார். "ஹோஷங், இவளுக்குப் புதினா போட்டு டீ குடு. சர்க்கரை கம்மியா. இவளுக்குத் தித்திப்பு ஆகாது."

அச்சைத் திருப்பித் தரவில்லை. மூடிய கையோடு தூங்கிப்போனார்.

நவம்பர் 20

இன்னும் சில நாள்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். "பெரியவங்களுக்கு என்ன பதில் சொல்லட்டும்?" என்றான் ஹோஷங். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

காட்சிப்பெட்டிக்கான அட்டையை எழுதினேன்: நெருப்புப் பீடம், இரு புறமும் காவலர். பாவ்னாபென் எட்டிப்பார்த்து, "காவலரா? ரெண்டு வரிசை புள்ளிதானே இருக்கு," என்றாள். அட்டையை மாற்றவில்லை.

அந்த வார்த்தையைச் சொல்லப்போவதில்லை. பப்பா போன பிறகு உள்ளே யார், வெளியே யார் என்று பெரியவர்கள் முடிவு செய்யட்டும். கேட்டுக்கு வெளியே ஜயேஷின் பெயரோடு நிற்பேன். ஆனால் மூச்சு இருக்கும்வரை அந்த அறைக்குள் போக நான் யாரைக் கேட்க வேண்டும்?

பையில் நாலு சேலை வைத்திருக்கிறேன். காலையில் முதல் ரயில். கட்டிலுக்கு ஒரு பக்கம் ஹோஷங் உட்கார்ந்திருக்கிறான். மறுபக்கம் காலியாக இருக்கிறது.