பூட்டு இல்லாத ஒரு நொடி

பிப்ரவரி 11, செவ்வாய்

புதிய சர்வருக்கு மாறும் ஒத்திகை இன்று. பெருநாள் கூட்டம் மக்காஸர் துறைமுகத்தை முட்டுவதற்குள் படகு டிக்கெட் முழுவதும் அதில் ஓட வேண்டும். எல்லாம் சரியாக வைத்திருந்தேன். பேக்கப் பாதியில் நின்றுவிட்டது.

கட்டணம் கணக்கிடும் ஃபங்ஷன் என்ற சிறு நிரல் ஒன்று இருக்கிறது. அது குடியிருக்கும் ஸ்கீமா, அதாவது டேட்டாபேஸுக்குள் அதற்கென்று ஒதுக்கிய பகுதி, இல்லவே இல்லை. வீட்டு எண் இருக்கிறது, தெருவைக் காணோம். இப்படி நடக்கவே கூடாது. உள்ளே ஒரு பொருளாவது இருந்தால் ஸ்கீமாவை அழிக்க டேட்டாபேஸே விடாது.

விட்டிருக்கிறது.

பிப்ரவரி 12

அநாதையாக நின்ற அந்த ஃபங்ஷனைக் கையாலேயே நீக்கினேன். பேக்கப் ஓடியது. ஆபத்து நீங்கியது. இனி யார் தலை உருளும் என்பதுதான் பாக்கி.

உருள்வது சம்சீரின் தலை. பழைய அறிக்கைகளுக்காக இருந்த அந்த ஸ்கீமாவை அழித்தவன் அவன். அவனும் மறுக்கவில்லை. “காலியாத்தான் இருந்துச்சு. பாத்துட்டுத்தான் அழிச்சேன்” என்றான். யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. எங்கள் தலைவர் பாக் லத்தீஃப் மேஜையைத் தட்டி, “டேட்டாபேஸ் எங்கப்பா தப்புப் பண்ணும்? மனுஷன்தான் பண்ணுவான்” என்றார். மாதக் கடைசியோடு அவன் ஒப்பந்தம் முடிகிறது. புதுப்பிக்க மாட்டார்களாம்.

பக்கத்து மேஜை நூர்லினா என் காதருகே வந்து, “அக்கா, உங்களுக்கு மட்டும் பெருநாள் சீக்கிரமே வந்துருச்சு போல” என்றாள். அலுவலகம் மொத்தமும் அப்படித்தான் நினைக்கிறது. எனக்கும் சம்சீருக்கும் விவாகரத்தாகி இரண்டு வருடம் ஆகிறது. முன்னாள் கணவன் வேலையை இழந்தால் நான் இனிப்பு வாங்கித் தருவேன் என்று எதிர்பார்க்கிறார்களோ?

அவன் மேல் எனக்கு ஆயிரம் குறை உண்டு. கவனக்குறைவு அதில் ஒன்று இல்லை.

பிப்ரவரி 13

பதிவுகளை எடுத்துப் பார்த்தேன். அவன் ஸ்கீமாவை அழித்ததும், தானாக ஓடும் எங்கள் நிறுவல் வேலை அதே ஸ்கீமாவில் ஃபங்ஷனை உருவாக்கியதும் ஒரே நேரத்தில்.

அவன் பார்த்தபோது காலியாகத்தான் இருந்திருக்கிறது. ஃபங்ஷன் உருவாகிக்கொண்டிருந்தது, வேலை இன்னும் உறுதியாகவில்லை. உறுதியாகும்வரை மற்றவர் கண்ணுக்குத் தெரியாது. அந்தப் பக்கம் ஃபங்ஷனும் ஸ்கீமா இருக்கிறதா என்று பார்த்தது. இருந்தது. இருவரும் சரியாகத்தான் பார்த்திருக்கிறார்கள். பார்த்ததற்கும் முடித்ததற்கும் நடுவில் எதையும் பிடித்து வைக்க ஒரு பூட்டு இல்லை. தகவல் அட்டவணையான டேபிளாக இருந்தால் பூட்டு உண்டு. ஃபங்ஷனுக்கு இல்லை!

எனக்குத் தெரியும். இதுதான்.

பிப்ரவரி 17, திங்கள்

பாக் லத்தீஃபை என் மேஜைக்கே அழைத்துவந்து உட்காரவைத்தேன். சோதனை டேட்டாபேஸ், இரண்டு கணினி. ஒன்றில் நான் ஃபங்ஷனை உருவாக்கினேன், உறுதி செய்யாமல் நிறுத்தினேன். “இப்ப நீங்க ஸ்கீமாவ அழிங்க, பாக்.”

“நானா?”

“நீங்கதான். நல்லாப் பாத்துட்டு அழிங்க.”

கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். காலி. அழித்தார். அழிந்தது. நான் என் வேலையை உறுதி செய்தேன். அதுவும் நிறைவேறியது. பேக்கப்பை ஓட்டினேன். அதே இடத்தில் அதே பிழை.

கண்ணாடியைக் கழற்றினார். “இப்ப நான்தான் தப்புப் பண்ணவனா?”

“நீங்களும் இல்ல, அவனும் இல்ல.”

நூர்லினா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஆனால் அவர் எழுந்தபோது சொன்னது வேறு. “எனக்குப் புரியுது, தென்ரி. ஆனா முதலாளி கேப்பாரு. உன் பேச்ச மட்டும் வச்சுக்கிட்டு அவர் முன்னாடி நிக்க முடியாது. இந்த டேட்டாபேஸைச் செஞ்சவங்க வாயால ஒத்துக்கட்டும். அதுவரைக்கும் அவன் ஒப்பந்தத்தப் புதுப்பிக்கிற காகிதத்த நான் கையில எடுக்க மாட்டேன்.”

சரி. செய்தவர்கள் உலகம் முழுக்கச் சிதறி இருப்பவர்கள். எல்லோரும் படிக்கும் மின்னஞ்சல் குழுவில் எழுதிவிட்டேன்.

பிப்ரவரி 19

முதல் பதில்: “அபூர்வமாக நடப்பது. வேலை நடக்கும்போது எதையும் அழிக்காமல் இருக்கலாமே?”

இருக்கலாமே! மழைக்குக் கூரை ஒழுகுகிறது என்றால் மழையில் வீட்டில் இருக்காதே என்பது போல.

குறை சொன்னால் போதாது. திருத்தத்தை நானே எழுதி அனுப்பப் போகிறேன்.

பிப்ரவரி 24

எழுதிவிட்டேன். எளிமையானது, அதனாலேயே எனக்குப் பிடித்திருக்கிறது. இது அதைச் சார்ந்தது என்று டேட்டாபேஸ் குறித்துக்கொள்ளும் இடம் ஒன்றே ஒன்றுதான். அங்கேயே, சாரப்படும் பொருளின் மேல் ஒரு பூட்டைப் போட்டேன். அழிக்க வருபவன் காத்திருப்பான். நான் முடித்ததும் பார்ப்பான். உள்ளே ஆள் இருக்கிறது, அழிக்க முடியாது என்று பதில் வரும்.

ஓட்டிப் பார்த்தேன். வந்தது.

பிப்ரவரி 25

மாலை சம்சீர் என் மேஜைக்கு வந்தான். இரண்டு வருடத்தில் அவனாக வந்து பேசுவது இதுவே முதல் முறை. நன்றி சொல்லப் போகிறான் என்று நினைத்தேன்.

“உன் திருத்தத்தில ஓட்டை இருக்கு.”

“எங்க?”

“நீ முந்திக்கிட்டாச் சரியா வருது. அழிக்கிறவன் முந்திட்டா? அவன் பூட்டு வச்சிருக்கான், நீ வெளிய காத்துக்கிட்டிருக்க. அவன் அழிச்சுட்டுப் போறான். உனக்குப் பூட்டு கிடைக்குது. எதோட பூட்டு? உள்ளே ஒண்ணுமே இல்ல. உனக்குச் சாதகமான வரிசையில மட்டும் ஓட்டிப் பாத்திருக்க. எப்பவும் போல.”

“எப்பவும் போலங்கிறது தேவையா?”

“தேவையில்லதான். ஆனா ஓட்டை இருக்கு.”

போனபிறகு ஓட்டிப் பார்த்தேன். இருக்கிறது. சே. உன் வேலையைக் காப்பாற்றத்தானேடா இதையெல்லாம் பண்றேன், ஒரு நாளாவது வாய மூடிக்கிட்டு இருந்தா என்ன?

இல்லை. மூடிக்கொண்டு இருந்திருந்தால் உலகமே பார்க்கும் இடத்தில் மூக்குடைபட்டிருப்பேன்.

பிப்ரவரி 27

பூட்டு கிடைத்ததும் மறுபடி ஒருமுறை பார்க்க வேண்டும், பொருள் இன்னும் இருக்கிறதா என்று. இல்லையென்றால் பிழை சொல்லி விலக வேண்டும். பூட்டுக்கு முன் பார்த்ததற்கு மதிப்பில்லை. சேர்த்துவிட்டேன். அவன் எல்லா வரிசையிலும் மாற்றி மாற்றி ஓட்டினான். “ம்” என்றான். அவனிடம் அது பெரிய பாராட்டு.

சோதனைகள் அவன் பெயரில், திருத்தம் என் பெயரில். அனுப்பியாயிற்று.

நாளையோடு அவன் ஒப்பந்தம் முடிகிறது. பாக் லத்தீஃப் சொன்னபடி காகிதத்தைக் கையில் எடுக்கவில்லை. “மார்ச் முடியுற வரைக்கும் வந்து உக்காரட்டும், யாரும் கேக்க மாட்டாங்க” என்றார்.

மார்ச் 4

நோன்பு. நாக்கு வறண்டாலும் மூளை நன்றாக ஓடுகிறது.

செக் நாட்டின் பிர்னோ நகரிலிருந்து யித்கா என்பவர் எழுதியிருக்கிறார். திருத்தங்களை ஏற்கவோ தள்ளவோ அதிகாரம் உள்ளவர். இத்தனை பூட்டுகளால் எவ்வளவு மெதுவாகும் என்கிறார். நியாயமான கேள்வி. டேட்டாபேஸோடு கூடவே பிறந்த பொருட்களை யாராலும் அழிக்க முடியாது, அவற்றுக்கு ஏன் பூட்டு என்றும் கேட்டிருக்கிறார். அது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்! எடுத்துவிட்டால் பாதிப் பூட்டுகள் குறையும்.

மார்ச் 7

அளந்து அனுப்பினோம். வித்தியாசம் கண்ணுக்கே தெரியவில்லை.

இதோடு வெல்வேன் என்று எழுதி வைக்கிறேன். தோற்றால் இந்தப் பக்கத்தைக் கிழித்துவிடலாம்.

மார்ச் 14, வெள்ளி

கிழிக்க வேண்டியதில்லை.

யித்காவின் கடிதம்: “இது பயன்படுத்தியவரின் பிழை அல்ல, எங்கள் பிழை. பல வருடமாக இருந்திருக்கிறது. திருத்தத்தை ஏற்றுக்கொண்டேன்.” கீழே இரண்டு பெயர்கள். ஆண்டி தென்ரி, முஹம்மத் சம்சீர்.

பெரிய எழுத்தில் அச்செடுத்து பாக் லத்தீஃபிடம் கொடுத்தேன். இரண்டு முறை படித்தார். “எங்கள் பிழைன்னே எழுதிருக்காங்களே!” முதலாளியைப் பார்க்க மாடிக்கு ஏறிப் போனார். இறங்கி வந்து சம்சீரின் தோளில் தட்டி, “இரண்டு வருஷத்துக்கு ஒப்பந்தம் போட்டிருக்கேன். நோன்பு திறக்கப் போறப்ப எனக்கும் சேத்து பீசாங் ஈஜோ வாங்கி வா” என்றார். நோன்பு மாதத்து வாழைப்பழ இனிப்பு அது. மன்னிப்புக் கேட்கும் வழி அவருக்கு அதுதான்.

சம்சீர் என் பக்கம் திரும்பவில்லை. அவன் காது சிவந்திருந்தது.

மார்ச் 29

துறைமுகத்தில் எள் விழ இடமில்லை. டிக்கெட் ஒரு நிமிடமும் நிற்கவில்லை.

ஏப்ரல் 22, செவ்வாய்

பெருநாள் விடுமுறைக்குப் பிறகு அலுவலகம் பழைய நிலைக்கு வந்துவிட்டது. மதியம் பல்லுபாசா என்ற மாட்டிறைச்சிச் சூப் விற்கும் கடைக்குப் போனேன். உட்கார இடமில்லை. ஓரத்து மேஜையில் சம்சீர் மட்டும் இருந்தான். எதிர் நாற்காலியிலிருந்த பையை எடுத்துக் கீழே வைத்தான். உட்கார்ந்தேன்.

நாங்கள் எழுதிய திருத்தம் வரும் வெளியீட்டில் வருவதைப் பற்றிப் பேசினோம். அவன் அம்மாவின் முழங்கால் வலியைப் பற்றிப் பேசினோம். கடைக்காரர் வந்து நின்றார். ஒன்பது வருடக் குடும்ப வாழ்க்கையில் எனக்கும் சேர்த்து அவனே சொல்லிவிடுவான், நான் தட்டைப் பார்த்த பிறகுதான் என்ன சாப்பிடப்போகிறேன் என்று எனக்கே தெரியும்.

வாயைத் திறந்தவன் நிறுத்திக்கொண்டான். என்னைப் பார்த்தான்.

“உனக்கு என்ன சொல்லட்டும்? முட்டை போடணுமா, வேண்டாமா?”